லெஃப்ட் அவுட் இடத்துக்கு வந்தவன்

6 ஆகஸ்ட் 1978, ஞாயிறு

மழை. விடிந்ததிலிருந்து நிற்கவில்லை. ரேடியோவுக்குப் புது பாட்டரி. பெண்டாட்டி ராணியின் தம்பி கம்பம்மெட்டிலிருந்து கொண்டுவந்தான். ஏரியல் கம்பியைக் கொய்யா மரத்தில் மறுபடி கட்டியாயிற்று.

சாயங்காலம் பிராக்டிஸ். டீமேக்கர் குடையோடு வந்தார். ஃபாக்டரிக்கும் அவர்தான் தலைவர், ஃபுட்பால் டீமுக்கும் அவர்தான் செக்ரட்டரி. எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"தங்கராசு, இந்த வருஷம் நீ வெளிய நின்னு சத்தம் குடு. லெஃப்ட் அவுட்டுக்கு மலப்புறத்துலேருந்து ஆள் வருது. கோல் காக்குற கோலிக்கும் ஒருத்தன்."

ஆறு வருஷம் அந்த இடது ஓரத்தில் ஓடியிருக்கிறேன். ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸ் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வருகிற ஆளுக்கு, இலையைச் சூட்டுக் காற்றில் உலர்த்துகிற டிரையரில் பகல் வேலையாம். நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்த வேலை. குளிர்காலத்தில் சூடாக நிற்கலாம், நைட் ஷிப்ட் கிடையாது. எனக்கு இலை நசுக்குகிற அதே ரோலர் ரூம்.

மறக்க மாட்டேன். இதை எழுதி வைப்பதே அதற்குத்தான்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

வெயில் ஒரு மணி நேரம். துணி காயவில்லை.

பழைய பேப்பரில் படம். நம்ம லண்டன் கிளப் அர்ஜென்டினாவிலிருந்து இரண்டு பேரை எடுத்திருக்கிறது. உலகக் கோப்பை ஜெயித்த டீம் ஆட்கள். ஒருத்தன் தாடிக்காரன். இன்னொருத்தன் குச்சி மாதிரி சின்ன ஆள். இரண்டு பேர் கழுத்திலும் கிளப் துண்டு.

பழைய துரை சீமைக்குப் போகும்போது ஒரு கட்டு ஃபுட்பால் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து பிடித்த பைத்தியம் இந்த கிளப். தோற்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. இன்று முதல்முறையாக அது தோற்கணும் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு பேருக்காக யார் இடம் போயிற்று? பேப்பரில் அது இல்லை. எவனோ ஒருத்தன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

அங்கே இரண்டு பேர். இங்கே இரண்டு பேர்.

12 ஆகஸ்ட், சனி

வந்துவிட்டார்கள். கோலி பெயர் ஜோசப், திருச்சூர்க்காரன், மீசை நன்றாக இருக்கிறது. மற்றவன் ஹம்சா. இருபத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

குவார்ட்டர்ஸ் தயாராகவில்லையாம். ஜோசப் கிளப் ரூமில். ஹம்சாவை எங்கே வைத்தார்கள்? என் வீட்டு முன் ரூமில். டீமேக்கர் உத்தரவு. இனி இந்த நோட்டில் அவர் வெறும் டீ.மே.

"உனக்குத்தான் புள்ள குட்டி இல்லையே, எடம் இருக்கு. ரெண்டு மாசம் பாத்துக்க. கொஞ்சம் தமிழும் சொல்லிக் குடு."

வேண்டுமென்றே செய்கிறார். பற்களைக் கடித்துக்கொண்டு சரி சார் என்றேன்.

ராணி அவனுக்கு என் கம்பளியைக் கொடுத்தாள். என் கம்பளியை.

15 ஆகஸ்ட், செவ்வாய்

கொடியேற்றம், மிட்டாய். தூறல்.

ஹம்சா கேட்டான்: மேனேஜரிடம், எனக்கு ஒரு சந்தர்ப்பம் தாருங்கள், நன்றாக ஆடுவேன் என்று தமிழில் எப்படிச் சொல்வது? அவர்கள் பாஷையில் சந்தர்ப்பத்துக்கு 'அவசரம்' என்பார்கள். "அதேதான், தமிழ்லயும் அவசரம்தான். தைரியமா சொல்லு" என்றேன்.

கொடிக்கம்பத்தடியில் எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் போய்க் கைகட்டி நின்றான். "சார், எனக்கு ஒரு அவசரம். இப்போ தரணும் சார்."

மேனேஜர் திகைத்துப் போய் கக்கூஸ் இருக்கிற பக்கம் கை காட்டினார். கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு இனித்தது. மிட்டாயால் அல்ல.

ஆனால் விஷயம் புரிந்ததும் அவனும் சேர்ந்து சிரித்தான். சாயங்காலத்துக்குள் லயத்து வீடுகள் முழுக்க அவனைத் தெரிந்துவிட்டது. "அவசரம் தம்பி, வாங்க, டீ குடிங்க" என்று வாசலுக்கு வாசல் கூப்பிடுகிறார்கள். ஆறு வருஷம் கோல் போட்டும் என்னை ஒருத்தி டீ குடிக்கக் கூப்பிட்டதில்லை.

19 ஆகஸ்ட், சனி

லண்டன் ரேடியோ. காற்று அடித்தால் குரல் போய்ப் போய் வருகிறது. முதல் மேட்சே போன வருஷ சாம்பியனோடு, அவர்கள் ஊரில். டிரா. கோல் போட்டது தாடிக்காரன்.

அடிக்கக் கூடாதவன் அடித்துவிட்டான். ரேடியோவை அணைத்தேன்.

"அண்ணா, ஞான் கேட்டோண்டிருக்கயாணு" என்றான் ஹம்சா. அவனும் கேட்டுக்கொண்டிருந்தானாம். அவனுக்கு அந்த இரண்டு பேரையும் பிடிக்குமாம். பிடிக்காமல் என்ன.

20 ஆகஸ்ட், ஞாயிறு

எஸ்டேட்டுகளுக்குள் நடக்கிற ஷீல்டு போட்டியில் முதல் மேட்ச். சேறு. நான் டச் லைனில், குடை இல்லாமல்.

ஹம்சா நிற்கக்கூட முடியவில்லை. மணலில் ஆடிப் பழகிய கால். நம் மலைச் சரிவும் சேறும் அதற்கு எங்கே தெரியும்? பந்து ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் விழுந்ததை எல்லாம் மனசுக்குள் வாங்கி வைத்துக்கொண்டேன். கோல் இல்லாத டிரா.

டீ.மே. முகம் அவிந்த கிழங்கு மாதிரி இருந்தது. ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ராணி ஏற இறங்கப் பார்த்தாள்.

24 ஆகஸ்ட், வியாழன்

லண்டன் கிளப்புக்குச் சொந்த மைதானத்திலேயே நாலு கோல் விழுந்தது. நல்லது. ரேடியோவில் ஒரு பெரிய மனுஷன் சொல்கிறான்: இவர்கள் வெயில் ஊர்க்காரர்கள், குளிர் வரட்டும், சேறு வரட்டும், தடுத்து ஆடுகிற நம் ஊர் பேக் ஆட்கள் காலில் இரண்டு போடு போடட்டும், அப்போது தெரியும் என்று. அந்த மனுஷன் வாயில் சர்க்கரை போடணும்.

நம் ஜோசப் காலை பஸ்ஸில் ஓடிவிட்டான். குளிர் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தன் போனான், ஒருத்தன் பாக்கி.

26 ஆகஸ்ட், சனி

செய்துவிட்டேன்.

ஹம்சாவிடம் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ். பிராக்டிஸில் ஊறிவிட்டது. "டிரையர் பக்கத்துல வெச்சா காயும், குடு" என்று நேற்று நைட் ஷிப்டுக்குப் போகும்போது நானே வாங்கிப் போனேன். பக்கத்தில் வைக்கவில்லை. சூட்டுக் காற்று வருகிற வாயிலேயே வைத்தேன். ஷிப்ட் முழுக்க.

திரும்ப எடுத்தபோது தோல் அப்பளம் மாதிரி. மடக்கினால் விரிசல். அடி கழன்று நாக்கைத் தொங்கவிட்டது.

அவன் கையில் வாங்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நாளைக்கு மேட்ச். என் பூட்ஸ் அவன் காலுக்குப் பெரிது. டீமில் வேறு யாரிடமும் மேல் ஜோடி கிடையாது. டீ.மே. என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

27 ஆகஸ்ட், ஞாயிறு

கூப்பிடவில்லை.

ஹம்சா வெறுங்காலோடு இறங்கினான். ரெஃபரி ஏதோ சொல்லப் போனார், டீ.மே. கையை ஆட்டிச் சமாளித்தார்.

வெறுங்காலில் அவன் வேறு ஆள். சேற்றைக் கால்விரலால் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இடது காலில் ஒன்று, வலது காலில் ஒன்று, இரண்டு கோல். மைதானமே "அவசரம், அவசரம்" என்று கத்துகிறது. தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த பூட்ஸ்தான் அவனைப் பிடித்து வைத்திருந்தது. அதை எரித்துக் கொடுத்தவன் நான்.

28 ஆகஸ்ட், திங்கள்

ராணிக்குத் தெரிந்துவிட்டது. நைட் ஷிப்ட் டிரையர் ஆள் பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள்.

"ஏங்க, நெசமா?"

ரேடியோ குமிழைத் திருகினேன்.

"அந்தப் புள்ள உங்கள என்ன பண்ணுச்சு? வேலன்னு கூப்டாக, வந்துச்சு. உங்கள எடுத்தது டீமேக்கரு. அவரு பூட்ஸப் போயிக் கருக்குங்க பாப்போம்."

"அவர் பூட்ஸ் என் கைக்கு எட்டாது."

"எட்டுன கால ஒடிப்பீகளோ?"

ராத்திரி சோறு வைத்தாள். ஹம்சாவுக்குச் சந்தையிலிருந்து வாங்கி வந்த கருவாட்டைப் பொரித்தாள். மீன் இல்லாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். வீடு முழுக்க அந்த வாடை.

3 செப்டம்பர், ஞாயிறு

நேற்று லண்டன் கிளப்புக்கு ஏழு கோல். ஏழு! வடக்கே அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கள் கிழித்துவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது.

யாரிடம் சொல்ல? ராணி திரும்பிப் படுத்தாள். ஹம்சா முழங்காலைக் கட்டிக்கொண்டு ரேடியோ முன்னால். "ஏழும் கோலி விட்டதல்லே அண்ணா? அவங்க ரெண்டாளும் எந்து செய்யும்? அவங்களுக்கு யாராவது பந்து கொடுக்கணுமல்லோ."

சொந்த கிளப் ஏழு கோல் வாங்கியதற்குச் சிரித்துக்கொண்டிருந்த ஆள் நான் ஒருத்தன்தான், இந்த மலையில். அது தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஆத்திரம் நிற்கவில்லை.

இன்று காலை ஆனைக்கல் எஸ்டேட்டில் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஜீப்பில் வந்தார். அவர்தான் அந்த டீமுக்கு செக்ரட்டரி. டீக்கடையில் வைத்துக் கேட்டார்:

"எங்க முதல் மேட்ச் மழையில தள்ளிப் போச்சு. ஆள் பேர் இன்னும் குடுக்கல. நீ இங்க ஒரு மேட்சும் ஆடல, அதனால சட்டப்படி தடையில்ல. ஒரே கம்பெனி, பேர மாத்திட்டாப் போதும். வர்றியா?"

டீ.மே. என்னை வெளியே நிறுத்தியதுதான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. கிளாஸைக் கீழே வைப்பதற்குள் சரி என்றுவிட்டேன். ஃபைனலில் இவர்களைப் பார்க்கணும். டீ.மே. நாற்காலிக்கு நேர் முன்னால் கோல் போடணும். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

ராணி வரமாட்டாளாம். "என் பேரு இந்த எஸ்டேட்டு மஸ்டர் புஸ்தகத்துல இருக்கு. நீங்க போயி ஒதச்சு முடிச்சிட்டு வாங்க."

9 செப்டம்பர், சனி. ஆனைக்கல்

பஸ்ஸில் வந்து, ஸ்டாப்பிலிருந்து கொஞ்சம் நடை. பனி. ஸ்டோர் ரூமில் கட்டில். சாக்கு வாடை. ரேடியோவை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ராணிக்குப் பாட்டுக் கேட்கணும் என்று சொல்லிக்கொண்டேன். ஹம்சா கேட்பான் என்றும் தெரியும்.

இங்கே லெஃப்ட் அவுட் ஆடியவன் அருளப்பன். இந்த ஊர்க்காரன். அவனை உள்பக்கமாக லெஃப்ட் இன் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஆடிய அவன் மச்சினன் வெளியே.

பிராக்டிஸில் ஒருத்தனும் பந்து தரவில்லை. கை தூக்கினேன், கூப்பிட்டேன். அருளப்பன் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு மாசமாக நானே அதை முகத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

12 செப்டம்பர், செவ்வாய்

பூட்ஸுக்குள் ஈர டீத்தூள். கரண்டி வைத்து அமுக்கி அமுக்கி அடைத்திருக்கிறார்கள். பைப்படியில் உட்கார்ந்து குச்சியால் தோண்டினேன். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

டீக்கடையில் என் காது படவே: "சொந்த எஸ்டேட்லயே வேண்டாம்னு துப்புன ஆளு. இங்க கொண்டாந்து மெல்லச் சொல்லுதாக."

17 செப்டம்பர், ஞாயிறு

முதல் மேட்ச். ஜெயித்தோம். நான் ஓடினேன், அவ்வளவுதான். பந்து என் பக்கம் வந்தது மூன்றோ நாலோ முறை. அதுவும் வழி தவறி.

மற்ற செய்தி: அவர்கள் செமி ஃபைனல் போய்விட்டார்கள். ஹம்சா மறுபடி கோல். நல்லது, வரட்டும். ஃபைனலுக்கு வரட்டும்.

குளிர். கம்பளி அவனிடம் இருக்கிறது.

23 செப்டம்பர், சனி

கிளப் ரூம் ரேடியோவில் எல்லாருக்கும் சிலோன் பாட்டு வேணும். கெஞ்சிக் கூத்தாடிப் பத்து நிமிஷம் லண்டன் வைத்தேன். கிளப் கொஞ்சம் எழுந்துவிட்டது போல. இடையில் ஜெயித்தும் இருக்கிறார்கள். அதே பெரிய மனுஷன் இப்போது வேறு குரலில், சின்னவன் செட்டில் ஆகிவிட்டான் என்கிறான்.

செட்டில் ஆகிவிட்டான். எப்படி ஆனான்? யார் அவனுக்குப் பிடித்ததைப் பொரித்துப் போட்டது? பிராக்டிஸ் முடிந்து அவனோடு பஸ்ஸில் யார் உட்கார்ந்தது? பூட்ஸுக்குள் யார் என்ன போட்டார்கள்? ரேடியோவில் அது வராது. கோல் மட்டும் வரும்.

சின்னவன் பந்தை எடுத்துக்கொண்டு போகிறான் என்று குரல் ஏறியது. "போடா, போடா, நீயே போ!" என்று கத்திவிட்டேன். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"யாரு, ஒங்க ஊர்க்காரனா?"

ஒருத்தன் பாட்டுக்குத் திருப்பிவிட்டான். கோல் ஆயிற்றா தெரியவில்லை.

24 செப்டம்பர், ஞாயிறு

செமி ஃபைனல். ஜெயித்தோம். நான் கோல் போடவில்லை. போடவிடவில்லை. அந்தப் பக்கம் அவர்களும் ஜெயித்துவிட்டார்கள். ஃபைனல் அடுத்த ஞாயிறு, டவுன் மைதானத்தில்.

டீ.மே.யிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருக்கிறேன். தினமும் பைப்படியில் சொல்லிப் பார்க்கிறேன்.

2 அக்டோபர், திங்கள்

காந்தி ஜெயந்தி லீவு. உடம்பெல்லாம் வலி. நேற்றைய கதை.

மைதானம் நிறைய ஜனம். ராணி எங்கள் பழைய லயத்துப் பெண்களோடு மேட்டில். டீ.மே. மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டை.

முதல் பாதியில் என்னிடம் பந்து வரவேயில்லை. அந்தப் பக்கம் ஹம்சா எங்கள் பேக்குகளை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தான். ஒரு முறை போஸ்டில் அடித்துத் திரும்பியது. இன்டர்வலில் கண்டக்டர் அருளப்பனைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்குப் பந்து குடுக்க உனக்குக் கை நோவுதா?"

"கால்ல ஆடுறது சார்" என்றான் அருளப்பன்.

கடைசி நேரம். அருளப்பனைச் சுற்றி மூன்று பேர். பந்தை இழக்கணும், இல்லை எனக்குத் தரணும். தந்தான். என் முழங்காலைப் பார்த்து, எலும்பு முறியட்டும் என்கிற மாதிரி அடித்தான். தொடையில் வாங்கினேன். வலி கண்ணில் தெரிந்தது. ஆனால் பந்து காலடியில் விழுந்தது. பேக்கைத் தாண்டி, கோலிக்கு இடது பக்கம். உள்ளே.

எங்கள் ஆட்கள் யாரும் கட்டிப்பிடிக்க வரவில்லை. பரவாயில்லை. நான் அதற்கு ஓடவில்லை. நேரே டீ.மே. நாற்காலிக்கு ஓடினேன். முன்னால் நின்றேன். அந்த வாக்கியம் வரவில்லை. மூச்சுதான் வந்தது. வாய் நிறைய சேறு. அவர் சட்டையில் படாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒன்று பூஜ்யம். ஷீல்டு ஆனைக்கல்லுக்கு.

அப்புறம் நடந்ததுதான் தூங்கவிடவில்லை. ஷீல்டு கொடுக்கும்போது டீ.மே. என் தோளில் கை போட்டு மேனேஜரிடம் சொன்னார்: "நம்ம எஸ்டேட் வளர்த்த பையன் சார். நான்தான் அங்க அனுப்பி வெச்சேன்."

மேனேஜர் அவர் கையைக் குலுக்கினார். அவர் கையை!

என் கோலையும் எடுத்துக்கொண்டார். பல் இளித்துக்கொண்டு நின்றேனாம். ராணி லயத்துப் பெண்களிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஹம்சா கூட்டத்தில் வந்து கை கொடுத்தான். "நல்ல கோலாயிருந்நு அண்ணா." பிறகு மெதுவாக, "பூட்ஸ் காரியம் ஞான் அன்னைக்கே அறிஞ்சு" என்றான். நான் மண்ணைப் பார்த்தேன். அவன் கையை விடவில்லை. பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. மன்னித்த பிடியா, முறித்த பிடியா, தெரியவில்லை.

8 அக்டோபர், ஞாயிறு

வெயில். அதிசயம்.

காலையில் ராணி ஆனைக்கல்லுக்கு வந்தாள், கையில் என் கம்பளி. கூடவே ஹம்சா, தகரப் பெட்டியோடு. டிரையர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஷீல்டு இல்லையென்றால் டிரையரும் இல்லை என்று டீ.மே. சொன்னாராம். அடுத்த வருஷத்துக்குக் கண்ணூரில் ஆள் பார்க்கிறாராம்.

"பத்து மணி பஸ்ஸுக்குப் போகுதுங்க. உங்களப் பாத்துட்டுப் போணும்னுச்சு" என்றாள் ராணி. அவள் என்னிடம் நேராகப் பேசி ஒரு மாசம் ஆயிற்று.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அவன் போகிறான். என் இடத்துக்கு வந்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஆகஸ்டில் இதற்காகத்தான் பற்களைக் கடித்தேன். இப்போது பார்த்தால் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சேற்றுத் துளிகூடப் படாமல்.

பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிவிட்டு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். டிரைவர் டீ குடிக்கப் போனார். நான் எஸ்டேட் கண்டக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"சார், ஹம்சாவ விட்டுட்டாங்க. பஸ்ல உக்காந்திருக்கான்."

கத்தியை நிறுத்தினார். "அவன் லெஃப்ட் அவுட்டுல்ல? அப்ப நீ?"

"ரெண்டு காலும் பேசும் சார் அவனுக்கு. ரைட்ல போடுங்க. லெஃப்ட்ல நான் இருக்கேன்."

"ரைட்ல இருக்கிறவன் என்னை வெட்டுவான். அருளப்பனே இன்னும் உன்னப் பாத்துக் கொதிச்சுக்கிட்டுத் திரியுறான்."

"கொதிக்கட்டும் சார். அவன் கோவத்துலதான் சார் நமக்கு அந்தப் பந்து வந்துச்சு."

பாதி முகத்தில் சோப்போடு சிரித்தார். "சரி. ஃபாக்டரியில ஒரு எடம் பாக்கறேன். இருக்கச் சொல்லு."

ஓடி வருவதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. கேட்காமல் ஏணியில் ஏறினேன். கயிற்றை அவிழ்த்துத் தகரப் பெட்டியை இறக்கினேன். ஹம்சா ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணா, எந்தா ஈ செய்யுந்நே?" என்று கத்தினான். பஸ் கண்டக்டர் என்னைத் திருடன் என்றே நினைத்துவிட்டான்.

"எறங்குடா. ஸ்டோர் ரூம்ல ரெண்டாவது கட்டில் போட எடம் இருக்கு."

டீ.மே. வெளியே தள்ளிய இரண்டு பேர். ஒருத்தன் இடது பக்கம், ஒருத்தன் வலது பக்கம். அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கம் பார்ப்பார், பார்க்கிறேன்.